சர்வர் டிஸ்கை முதல் முறை பிரிக்கிறவர்களுக்கு: எதைத் தனியாக வைப்பது, எவ்வளவு மிச்சம் விடுவது

டிஸ்க் நிறைந்துபோன சர்வர் ஒரேயடியாக நின்றுவிடாது. பாதி உயிரோடு கிடக்கும். பிங் போகும், லாகின் திரை வரும். ஆனால் ஸ்கேன் செய்த ஃபைல் சேவ் ஆகாது, டேட்டாபேஸ் எழுத மறுக்கும், மெயில் க்யூவில் தேங்கும். காரணத்தைத் தேடிப் போனால், பல நேரம் ஏதோ ஒரு லாக் ஃபைல் (நடப்பதையெல்லாம் சர்வர் குறித்துவைக்கிற ஃபைல்) ராத்திரியோடு ராத்திரியாக வீங்கியிருக்கும். அந்த ஒரு ஃபைல் மொத்த சர்வரையும் முடக்கிவிடாமல் தடுப்பதுதான் டிஸ்கைத் தனித்தனிப் பகுதிகளாக, அதாவது பார்ட்டிஷன்களாகப் பிரிப்பதன் முதல் வேலை.

சென்னையில் பாரிமுனை, மண்ணடி, ராயபுரம் பக்கத்துச் சின்ன அலுவலகங்களில் பிரிண்டர் பார்க்கிற தம்பிதான் சர்வரும் பார்ப்பார். லினக்ஸ் இன்ஸ்டாலர் கேட்கிற கேள்விக்கெல்லாம் என்டர் தட்டி முடித்துவிடலாம், சர்வரும் ஓடும். ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும், எதை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று. அந்தத் தம்பிகளையும் தங்கைகளையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். கமாண்ட், ஃபோல்டர் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில் காகிதம், அப்புறம் இன்ஸ்டாலர்

ஒரு வெள்ளைத் தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். இந்த சர்வரில் எது வளரும்? எவ்வளவு வேகமாக வளரும்? எது நிறைந்தாலும் எது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்?

உதாரணத்துக்கு, தம்புச் செட்டி தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சி (சுங்க வேலைகளை முடித்துத் தருகிற தரகர் அலுவலகம்) என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 40 ஜாப். ஒவ்வொரு ஜாபுக்கும் பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், டெலிவரி ஆர்டர் என்று சுமார் 30 பக்கம் ஸ்கேன் ஆகிறது. பக்கத்துக்கு 300 கேபி என்று எடுத்தால், ஜாபுக்கு 9 எம்பி, நாளுக்கு 360 எம்பி. மாதம் 25 வேலை நாள் என்றால் 9 ஜிபி, வருடத்துக்கு 108 ஜிபி. சுங்கத் தரகர் உரிம விதிமுறைகள் 2018-இன்படி ஆவணங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஆக ஐந்து வருடத்துக்கு 540 ஜிபி. ஜாப் எண்ணிக்கை கூடினால் அதற்கும் மேலே. இந்தக் கணக்கைப் போட்டவுடனே ஸ்கேன் ஃபோல்டருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற கேள்வி முடிந்துவிடுகிறது.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. அதில் டேட்டா இருக்கிற ஃபோல்டரின் அளவை இன்று குறித்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். லினக்ஸ் என்றால் ‘டியூ -எஸ்ஹெச்’ போதும். வித்தியாசம்தான் உங்கள் வளர்ச்சி வேகம். ஊகத்தைவிட இந்த எண்ணை நம்பலாம்.

டிஸ்க் பெட்டியில் 2 டிபி என்று போட்டிருந்தால் லினக்ஸில் சுமார் 1.8 என்றுதான் தெரியும். 480 ஜிபி என்பது 447-ஆக வரும். விற்பவர் ஆயிரத்தால் கணக்குப் போடுகிறார், சிஸ்டம் 1024-ஆல் போடுகிறது. தாளில் எழுதும்போதே சிறிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஃபோல்டர் எப்படி வளரும்

யுனிக்ஸ் வகை சர்வரில் சி டிரைவ், டி டிரைவ் எல்லாம் கிடையாது. எல்லாம் ஒரே மரம். அதன் வேர் ‘/’. இன்னொரு பார்ட்டிஷனை இந்த மரத்தின் ஏதாவது ஒரு கிளையில் மாட்டுவதற்குத்தான் மவுண்ட் என்று பெயர். 1970-களின் தொடக்கத்தில், பெல் லேப்ஸில் பிடிபி-11 மெஷினில் யுனிக்ஸ் ஓடியபோதே முதல் டிஸ்க் போதாமல் சில ஃபோல்டர்களை இரண்டாவது டிஸ்கில் வைத்து மாட்டினார்கள். ‘/யூஎஸ்ஆர்’ தனியாகப் பிரிந்தது அப்படித்தான். இன்றைய டெபியன், ஃபெடோரா எல்லாம் அந்தப் பிரிவை ஒன்றாக்கிவிட்டன. ஆகவே பழைய புத்தகம் பார்த்து ‘/யூஎஸ்ஆர்’-ஐத் தனி பார்ட்டிஷனில் வைக்காதீர்கள். இப்போது அதில் லாபம் இல்லை, பூட் ஆவதில் சிக்கல்தான் வரும்.

‘/’ ரொம்ப மெதுவாக வளரும். சாதாரண சர்வருக்கு 30 முதல் 40 ஜிபி தாராளம்.

‘/ஹோம்’ ஆளைப் பொறுத்தது. அட்மின் ஒருவர் மட்டும் லாகின் செய்கிற சர்வருக்கு 10 ஜிபி போதும். பத்து பேர் உள்ளே வந்து ஃபைல் வைக்கிறார்கள் என்றால் கட்டாயம் தனியாக வையுங்கள்.

‘/வார்’தான் கவனிக்க வேண்டிய இடம். நீங்கள் தூங்கும்போதும் வளர்கிற எல்லாமே இதற்குள் இருக்கிறது. லாக் எல்லாம் ‘/வார்/லாக்’-இல். மரியாடிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருள் வைத்தால் அதன் டேட்டா ‘/வார்/லிப்/மைஎஸ்க்யூஎல்’-இல், டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டுகிற மென்பொருள்) இழுக்கிற இமேஜ்கள் ‘/வார்/லிப்’-க்குள். அப்டேட்டுக்காக இறக்கிய பேக்கேஜ்கள் ‘/வார்/கேஷ்’-இல். பெயர்தான் ஒன்று, குணம் வேறு வேறு. லாக் திடீரென்று வீங்கும், ஆனால் பழையதை அழித்தால் நஷ்டம் பெரிதாக இல்லை. டேட்டாபேஸ் மெதுவாக வளரும், ஆனால் ஒரு நிமிடம் இடம் கிடைக்காவிட்டாலும் அலுவலகம் நின்றுவிடும். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால், லாக் வீங்குகிற அன்று டேட்டாபேஸுக்கு இடம் இருக்காது. ஆரம்ப நிலையில் ஒரே ஒரு ஃபோல்டரைத்தான் தனியாகப் பிரிக்க முடியும் என்றால், நான் ‘/வார்/லாக்’-ஐத்தான் பிரிப்பேன்.

‘/எஸ்ஆர்வி’ என்பது சர்வர் மற்றவர்களுக்குப் பரிமாறுகிற டேட்டாவுக்கான இடம். சாம்பா (ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிர்கிற மென்பொருள்) வழியாக எல்லா மேசைக்கும் போகிற ஸ்கேன் ஃபைல்களை இங்கே வைப்பதுதான் முறை. ‘/ஹோம்’-க்குள் ‘ஆபீஸ்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் எல்லாவற்றையும் திணிக்கிற பழக்கம் நிறைய இருக்கிறது. பேக்கப் எடுக்கும்போதும் சர்வர் மாற்றும்போதும் அது தொல்லை.

‘/டிஎம்பி’ தற்காலிக ஃபைல்களுக்கு. 2025-இல் வந்த டெபியன் 13-இல் இது தானாகவே ரேமில் உட்கார்ந்துகொள்கிறது, தனி பார்ட்டிஷன் தேவையில்லை. ரேம் குறைவான மெஷினில் பெரிய ஃபைலை அங்கே கொட்டினால் ரேம் போய்விடும், அதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

ரேம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்கிற இடம்தான் ஸ்வாப். அதற்கு ‘ரேமைப் போல இரண்டு மடங்கு’ என்ற பழைய விதி உண்டு. ரேம் சில எம்பி மட்டும் இருந்த காலத்து விதி அது. ஹைபர்நேட் (ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது) செய்யாத சர்வருக்கு 4 முதல் 8 ஜிபி வைத்தால் போதும்.

பூட் பகுதி

இங்கே அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. பார்ட்டிஷன் டேபிள் (பார்ட்டிஷன்களின் பட்டியல்) ஜிபிடி முறையில் இருக்கட்டும். பழைய எம்பிஆர் முறையில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் போட முடியும், வழக்கமான டிஸ்கில் 2 டிபி-க்கு மேல் எட்டாது. மெஷினைக் கிளப்புகிற புதிய முறையான யூஇஎஃப்ஐ இருந்தால் ஃபேட்32 ஃபைல் சிஸ்டத்தில் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்குகிற முறை) ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் வேண்டும், 1 ஜிபி கொடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய பயாஸ் மெஷினில் ஜிபிடி போடுவதானால், கிரப் (சிஸ்டத்தை ஏற்றுகிற புரோகிராம்) உட்கார 1 எம்பி-யில் ‘பயாஸ் பூட்’ பார்ட்டிஷன் ஒன்று தேவை. இதை விட்டுவிட்டால் இன்ஸ்டால் கடைசிக் கட்டத்தில் நின்றுவிடும்.

‘/பூட்’-க்கும் 1 ஜிபி. கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) அப்டேட் வரும்போதெல்லாம் பழைய கெர்னல் இங்கே தங்கும். 200 எம்பி, 300 எம்பி கொடுத்தால் ஒருநாள் அப்டேட் பாதியில் நிற்கும்.

எல்விஎம்: முதல் நாள் கணக்கு தப்பினாலும் திருத்த

டிஸ்கை நேரடியாகத் துண்டு போட்டால் அந்தத் துண்டுகளின் எல்லையை அப்புறம் நகர்த்துவது பெரும் வேலை. அதனால் நடுவில் எல்விஎம் என்ற அடுக்கை வையுங்கள். டிஸ்க் அல்லது பார்ட்டிஷனை ‘பிசிக்கல் வால்யூம்’ ஆக்குகிறோம். ஒன்றோ பலவோ சேர்ந்து ஒரு ‘வால்யூம் குரூப்’. அதிலிருந்து வேண்டிய அளவில் ‘லாஜிக்கல் வால்யூம்’ வெட்டிக்கொள்கிறோம். ‘/வார்’, ‘/ஹோம்’ எல்லாம் இந்த லாஜிக்கல் வால்யூம்களில் உட்காரும்.

இதில் ஒரே ஒரு விதிதான் உயிர்: வால்யூம் குரூப்பை முழுவதும் பங்கு போட்டுத் தீர்க்காதீர்கள். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெட்டியை நகர்த்தக் காலி இடம் விட்டு வைக்காத யார்டில் ஒரு பெட்டியைக்கூட வெளியே எடுக்க முடியாது. எஸ்எஸ்டி-யில் பாதிக்கும் மேல் யாருக்கும் ஒதுக்காமல் கிடப்பது முதல் முறை பார்க்கிறவர்களுக்கு வீணாகத் தெரியும். வீணே இல்லை. எது நிறைகிறதோ அதற்கு, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு வரியில் அங்கிருந்து இடம் கொடுக்கலாம். கூட்டுவது ஒரு நிமிட வேலை. குறைப்பது அப்படி இல்லை: எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்துதான் (மரத்திலிருந்து கழற்றித்தான்) குறைக்க முடியும், இன்னொரு வகையான எக்ஸ்எஃப்எஸ்-ஐ அன்மவுண்ட் செய்தாலும் குறைக்க வழியில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் ஆரம்பத்தில் குறைவாகக் கொடுங்கள்.

உபுண்டு சர்வர் போட்டவர்கள் பலர் ‘பெரிய டிஸ்க் வாங்கினேன், 100 ஜிபி-தான் காட்டுகிறது’ என்று பதறுவார்கள். காணாமல் போகவில்லை, அதன் இன்ஸ்டாலர் எல்விஎம் போட்டு மிச்சத்தை வால்யூம் குரூப்பிலேயே விட்டுவைத்திருக்கும். உடனே எல்லாவற்றையும் ‘/’-க்கு இழுத்துவிடாமல், இந்தக் கட்டுரையின்படி பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்சி சர்வருக்கு ஒரு திட்டம்

மெஷினில் 16 ஜிபி ரேம், 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. வேலை: ஸ்கேன் ஃபைல் ஷேர், ஜாப் ரிஜிஸ்டருக்கான ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன், அதற்கு மரியாடிபி. எஸ்எஸ்டி-யை இப்படிப் பிரிப்பேன்:

- இஎஃப்ஐ: 1 ஜிபி
- ‘/பூட்’: 1 ஜிபி, எக்ஸ்ட்4
- மிச்சம் முழுவதும் எல்விஎம், குரூப்பின் பெயர் ‘சர்வர்’. அதற்குள்:
- ‘/’: 40 ஜிபி
- ‘/வார்’: 30 ஜிபி
- ‘/வார்/லாக்’: 15 ஜிபி
- ‘/வார்/லிப்/மைஎஸ்க்யூஎல்’: 60 ஜிபி
- ‘/ஹோம்’: 10 ஜிபி
- ஸ்வாப்: 8 ஜிபி
- ஒதுக்காதது: சுமார் 280 ஜிபி

இரண்டு ஹார்ட் டிஸ்கையும் ரெய்டு 1-ஆகச் சேர்த்து, அதன்மேல் இன்னொரு வால்யூம் குரூப். அதில் ‘/எஸ்ஆர்வி’-க்கு 700 ஜிபி. மீதி ஆயிரத்துச் சொச்சம் அப்படியே இருக்கட்டும். ரெய்டு 1 என்றால் ஒரே டேட்டா இரண்டிலும் இருக்கும். ஒன்று போனாலும் வேலை நிற்காது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்றும் ஈரமும் கனெக்டர்களை அரிக்கும், ஆகவே அந்தப் பக்கத்து அலுவலகங்களுக்கு இதைக் கட்டாயம் என்றே சொல்வேன். ‘ஸ்மார்ட்சிடிஎல்’ வைத்து டிஸ்கின் உடல்நிலையை மாதம் ஒருமுறை பாருங்கள்.

எஸ்எஸ்டி இந்தத் திட்டத்தில் ஒற்றையாக இருக்கிறது. கையில் பணம் இருந்தால் அதற்கும் ஜோடி போடுங்கள். இல்லாவிட்டால் தினமும் இரவு டேட்டாபேஸ் டம்ப்பையும் (முழு நகல்) அமைப்பு ஃபைல்கள் இருக்கிற ‘/இடிசி’ ஃபோல்டரையும் ‘/எஸ்ஆர்வி’-க்குள் காப்பி எடுக்க ஒரு கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானே ஓடுகிற வேலை) போட்டுவிடுங்கள்.

வாடகைக்கு எடுத்த 25 ஜிபி கிளவுட் சர்வருக்கு இவ்வளவு வேண்டாம். சின்ன இடத்தை ஏழாக வெட்டினால் ஏழும் நெருக்கும். அங்கே சிஸ்டம் ஒரு டிஸ்க், டேட்டா இன்னொரு டிஸ்க், அவ்வளவுதான்.

ஃபைல் சிஸ்டத்துக்கு, முதல் முறை என்றால் எல்லாவற்றுக்கும் எக்ஸ்ட்4. எழுதப்போவதை முன்பே குறித்துவைக்கிற ஜர்னல் இருப்பதால் கரண்ட் போய்த் திடீரென்று அணைந்தாலும் பெரும்பாலும் தானே சரியாகி எழுந்துவிடும் (யூபிஎஸ் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை). எக்ஸ்ட்4 ரூட் யூசருக்காக (முழு அதிகாரம் உள்ள அட்மின்) 5 சதவீத இடத்தை ஒதுக்கி வைக்கும். ‘/’-இல் அது நல்லது. நிறைந்தாலும் நீங்கள் உள்ளே போய்ச் சுத்தம் செய்யலாம். 700 ஜிபி ‘/எஸ்ஆர்வி’-யில் அது 35 ஜிபி, தேவையில்லை. ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ போட்டு ஒரு சதவீதமாக்குங்கள்.

இன்ஸ்டாலரில்

டெபியன் இன்ஸ்டாலரில் ‘மேனுவல்’ தேர்ந்தெடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் எஸ்எஸ்டி-யில் இஎஃப்ஐ, ‘/பூட்’, மிச்சம் எல்விஎம்-க்கு என்று மூன்று பார்ட்டிஷன். அடுத்து ஹார்ட் டிஸ்குகளை ரெய்டுக்கு என்று குறித்து ரெய்டு அமைப்பது. அப்புறம் எல்விஎம். கடைசியாக, ஸ்வாப் தவிர மற்ற ஒவ்வொரு லாஜிக்கல் வால்யூமுக்கும் எக்ஸ்ட்4, மவுண்ட் பாயின்ட். தாளில் எழுதியதோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ‘ரைட் சேஞ்சஸ்’ கொடுக்க வேண்டும். டேட்டா இருக்கிற பழைய டிஸ்க் ஏதாவது மெஷினில் இருந்தால் அதற்கு முன்பே கேபிளைக் கழற்றி வையுங்கள்.

இவ்வளவும் பயமாக இருந்தால் ‘கைடட், எல்விஎம்’ எடுத்து, ‘/ஹோம், /வார், /டிஎம்பி தனி’ என்ற தேர்வைச் சொல்லுங்கள். வால்யூம் குரூப்பில் எவ்வளவு பயன்படுத்தலாம் என்று அது கேட்கும். அந்தக் கட்டத்தில் 50% என்று கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

முதல் பூட்டில் ‘எல்எஸ்பிஎல்கே’ தட்டிப் பாருங்கள். எந்த டிஸ்க், அதற்குள் எந்தப் பார்ட்டிஷன், எந்த வால்யூம் எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்று மரம் மாதிரி காட்டும்.

எஃப்எஸ்டேப்: ஒரு வரி தப்பினால் பூட் நிற்கும்

பூட் ஆகும்போது எதை எங்கே மாட்ட வேண்டும் என்ற பட்டியல் ‘/இடிசி/எஃப்எஸ்டேப்’ ஃபைலில் இருக்கிறது. ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ என்ற டிஸ்க் பெயர்களை அதில் எழுதாதீர்கள். கேபிள் மாறினாலோ புது டிஸ்க் சேர்ந்தாலோ அந்தப் பெயர் மாறிவிடும். ‘பிஎல்கேஐடி’ காட்டுகிற யூயூஐடி-யை (ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) எழுதுங்கள், அல்லது எல்விஎம் பெயரை.

திருத்திய பிறகு ரீபூட் செய்யாமல் முதலில் ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’, அடுத்து ‘மவுண்ட் -ஏ’. இரண்டும் பிழை சொல்லாவிட்டால் தைரியமாக ரீபூட் செய்யலாம். தப்பான வரியோடு ரீபூட் செய்தால் சர்வர் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டும்.

‘/எஸ்ஆர்வி’ வரியில் ‘நோஃபெயில்’ சேர்த்தால், அந்த டிஸ்க் வராவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. மவுண்ட் ஆகாத ‘/எஸ்ஆர்வி’ என்பது ‘/’-இல் இருக்கிற ஒரு காலி ஃபோல்டர். சாம்பா அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஸ்கேன் ஃபைல்களை அங்கேயே எழுதத் தொடங்கும். 40 ஜிபி ‘/’ நிறைந்து எல்லாமே முடங்கும். இதற்கு மருந்து சுலபம்: ‘/எஸ்ஆர்வி’-யை அன்மவுண்ட் செய்துவிட்டு, காலி ஃபோல்டரின் மேல் ‘சிஹெச்ஏடிடிஆர் +ஐ’ போடுங்கள். இனி மவுண்ட் இல்லாத நேரத்தில் ரூட்டால்கூட அதில் எழுத முடியாது. மவுண்ட் ஆனதும் எல்லாம் வழக்கம்போல.

மவுண்ட் ஆப்ஷன்களையும் இங்கேயே கொடுத்துவிடலாம். ‘/எஸ்ஆர்வி’, ‘/வார்/லாக்’ இரண்டுக்கும் ‘நோடெவ், நோசூயிட், நோஎக்ஸெக்’. அங்கே புரோகிராம் ஓடத் தேவையே இல்லை, ஓடினால் அது யாரோ உள்ளே வந்ததாகத்தான் இருக்கும். ‘/ஹோம்’-க்கு முதல் இரண்டு. ‘/டிஎம்பி’-யில் ‘நோஎக்ஸெக்’ போட்டால் சில பேக்கேஜ் இன்ஸ்டால்கள் முரண்டு பிடிக்கும், யோசித்துச் செய்யுங்கள்.

நிறையும்போது

‘டிஎஃப் -ஹெச்’ தட்டினால் எந்த மவுண்ட் எத்தனை சதவீதம் என்று தெரியும். 80 தாண்டியதும் மெயில் அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி கிரானில் போடுங்கள். ‘/வார்’ நெருங்கிவிட்டது, அது வளர வேண்டியதுதான் என்று தெரிந்தால், ‘எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் -எல் +20ஜி /டெவ்/சர்வர்/வார்’. இதில் எல் பெரிய எழுத்து, ஆர் சின்ன எழுத்து. அந்த ஆர்தான் ஃபைல் சிஸ்டத்தையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. விட்டுவிட்டால் வால்யூம் மட்டும் வளர்ந்து ‘டிஎஃப்’-இல் மாற்றமே தெரியாது.

ஆனால் நிறைந்தவுடன் பெரிதாக்கப் போகாதீர்கள், ஏன் நிறைந்தது என்று பாருங்கள். ‘டியூ -எக்ஸ்’ அதே மவுண்ட்டுக்குள் மட்டும் எண்ணும். லாக் என்றால் லாக்ரொடேட் (பழைய லாக்கைத் தானே சுழற்றி அழிக்கிற கருவி) அமைப்பைச் சரிபாருங்கள். சிஸ்டம்டி ஜர்னல் (சிஸ்டத்தின் லாக் தொகுப்பு, எக்ஸ்ட்4 ஜர்னல் வேறு) இயல்பாக அந்த ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை எடுக்கும். ‘சிஸ்டம்மேக்ஸ்யூஸ்’ வைத்துக் குறைக்கலாம்.

இரண்டு குழப்பங்கள் எல்லோருக்கும் வரும். பெரிய லாக்கை அழித்துவிட்டீர்கள், இடம் மட்டும் திரும்பவில்லை: ஏதோ ஒரு புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (இங்கேயும் பெரிய எல்) அதைக் காட்டிக்கொடுக்கும். அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். இன்னொன்று, ‘டிஎஃப்’ பாதிதான் நிறைந்திருக்கிறது என்கிறது, சிஸ்டம் இடமில்லை என்கிறது. ‘டிஎஃப் -ஐ’ தட்டுங்கள், ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படுகிற பதிவு) தீர்ந்திருக்கும். லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல் எழுதுகிற செஷன் ஃபோல்டர், மெயில் க்யூ மாதிரி இடங்களில் இது நடக்கும்.

பிஎஸ்டி போடுகிறவர்களுக்கு

பிஎஸ்டி என்பது லினக்ஸைப் போன்ற இன்னொரு யுனிக்ஸ் வகைக் குடும்பம். யோசனை அதேதான், கருவி வேறு. ஓபன்பிஎஸ்டி இன்ஸ்டாலர் தானே ‘/’, ‘/டிஎம்பி’, ‘/வார்’, ‘/யூஎஸ்ஆர்’, ‘/ஹோம்’ என்று நிறையப் பிரித்துக் கொடுக்கும். அங்கே ‘/யூஎஸ்ஆர்’ தனியாக இருப்பது இயல்பு, கை வைக்காதீர்கள். ஃப்ரீபிஎஸ்டி-யில் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் எடுத்தால் அளவை முன்கூட்டியே சொல்ல வேண்டியதே இல்லை. எல்லா டேட்டாசெட்டும் (இங்கே பார்ட்டிஷனுக்குப் பதிலாக வருகிற பிரிவு) ஒரே குளத்திலிருந்து இடம் எடுக்கும். லாக்குக்கு ‘கோட்டா’ (உச்ச வரம்பு), டேட்டாபேஸுக்கு ‘ரிசர்வேஷன்’ (உறுதியான ஒதுக்கீடு) என்று வைத்தால் மேலே எல்விஎம்-இல் செய்த அதே பாதுகாப்பு கிடைக்கிறது.

பேக்கப் வேறு இடத்தில்

ரெய்டு பேக்கப் ஆகாது. தப்பாக அழித்த ஃபைல் இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேர் இரண்டையும் ஒன்றாகவே பூட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. தரைத்தளத்தில் சர்வரும், அதே அலமாரியில் பேக்கப் டிஸ்க்கும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். சர்வரைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ‘/எஸ்ஆர்வி’ காப்பி ஒன்று கிளவுடிலோ, தண்ணீர் ஏறாத வேறு பகுதியில் இருக்கிற கிளை அலுவலகத்திலோ ‘ஆர்சிங்க்’ என்ற காப்பி கருவி வழியாகத் தினமும் போகட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு ஜாப் ஃபைலைத் திரும்ப இறக்கி, திறந்து, கடைசிப் பக்கம் வரை வருகிறதா என்று பாருங்கள். பார்த்த தேதியை அந்த முதல் நாள் தாளிலேயே, அளவுகளுக்குக் கீழே எழுதி வையுங்கள். உங்களுக்கு அடுத்து அந்த சர்வரைப் பார்க்கப் போகிறவருக்கும் அது வேண்டும்.